சயாமுக்குப் போனவரின் குரல்

போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஓர் இடைநிலைப்பள்ளியின் கணினி அறையில் உட்கார்ந்து, 1943-இல் காணாமல் போன ஒருவரை நான் பேச வைத்தேன். அதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. செய்தது சரியா தவறா என்று அதற்குப் பிறகு பல மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுசாக முடிவுக்கு வந்தபாடில்லை.

நான் வரலாறு படித்தவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் முடித்தேன். நிலத்துக்கு அடியில் கிடக்கும் தண்ணீர்க் குழாய்களையும் கேபிள்களையும் தேடிக் கண்டுபிடித்து வரைபடம் போடுவது என் வேலை. வீடியோ எடிட் பண்ணக் கொஞ்சம் தெரியும் என்பதால், தெரிந்த தமிழாசிரியை ஒருவர் தன் மாணவர்களுக்கு உதவக் கூப்பிட்டார். குடும்பத்தின் கதை வழியாக நாட்டின் அண்மைக்கால வரலாற்றைச் சொல்ல வேண்டும், நான்கு நிமிடத்துக்கு மிகாத படம், படமும் ஒலியும் எழுத்தும் அனிமேஷனும் எதை வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். இதுதான் திட்டம். படிவம் இரண்டு, மூன்று பிள்ளைகள். பாடநூலைத் திறந்தால் தூங்கிவிடுகிறவர்கள்கூட கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குக் கிளம்பினார்கள். அதைப் பார்க்க எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

ஒரு குழு சயாம் மரண ரயிலை எடுத்துக்கொண்டது. குழுவை நடத்திய மாணவியின் பாட்டிக்கு எண்பத்து நான்கு வயது. பாட்டியின் அப்பா, அதாவது மாணவியின் பூட்டன், பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர். போகும்போது பாட்டி கைக்குழந்தை. அவர் திரும்பவே இல்லை.

இந்த வரலாறு நம்மில் பலருக்குப் பொதுவாகத் தெரிந்ததுதான். சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானிய ராணுவம் அந்தத் தண்டவாளத்தைப் போட்டு முடித்தது. காடு, மலை, மழை, மலேரியா, காலரா. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரையும் சேர்த்து, குறைந்தது 1,80,000 பேர் என்கிறார்கள். அவர்களில் செத்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மை தோட்டத்துத் தமிழர்கள்.

இந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். ஒன்று கணக்கு, இன்னொன்று மதிப்பு. காஞ்சனபுரியில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கல்லறைகளில் பெயர், படைப்பிரிவு, வயது இருக்கும். புல்லை ஒழுங்காக வெட்டிவைத்திருப்பார்கள். நம்ம ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. செத்த இடத்திலேயே குழி. எத்தனை பேர் என்பதற்கே 'இருக்கலாம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் கொண்டுவந்த முதல் வடிவத்திலேயே இந்தப் பிரச்சினை தெரிந்துவிட்டது. இசை உருக்கமாக இருந்தது. பின்னணிக் குரல் 'நம் தமிழ்ப் பாட்டாளிகள்' என்று சொல்லும்போது திரையில் வெள்ளைக்காரர்கள் எலும்பும் தோலுமாக நின்றார்கள். பாலம் வரும் இடத்தில் 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் காட்சி. அது டேவிட் லீன் இலங்கையில் எடுத்த படம். அதில் வருகிற மரப்பாலம் படத்துக்காகக் கட்டி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. காஞ்சனபுரியில் இருக்கிற இரும்புப் பாலம் வேறு. அதன் மேல் இன்றும் ரயில் போகிறது. அந்தப் படத்தில் தமிழ்த் தொழிலாளி என்று ஒருவரை நீங்கள் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"இது யாரு?" என்று ஒரு ஷாட்டை நிறுத்திக் கேட்டேன். பையன்களுக்குத் தெரியவில்லை. "கூகள்ல மரண ரயில்னு போட்டா இதான் அண்ணே வருது," என்றான் ஒருவன். அவன் மேல் தப்பில்லை. கைதிகளில் ஓவியர்கள் இருந்தார்கள். ரோனால்ட் சேர்ல் என்பவர் சாவுக்கு நடுவில் ஒளித்து ஒளித்து வரைந்த படங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மருத்துவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப் முகாமில் எழுதிய நாட்குறிப்பு பிறகு புத்தகமாகவே வந்தது. அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது, போர் முடிந்ததும் தேடிவர ஓர் அரசாங்கம் இருந்தது. தமிழர் முகாம்கள் எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிவதில் ஒரு பங்கு அந்தக் கைதிகள் எழுதிவைத்ததால்தான் தெரிகிறது. ஆக, படம் போட்டுக் கதை சொல்லு என்று பிள்ளைகளிடம் சொன்னால், யாரிடம் படம் இருக்கிறதோ அவர்களின் கதையாகத்தான் அது போய் முடியும். பல்லூடகத் திட்டங்களைப் புகழ்ந்து பேசும்போது இதை நாம் யோசிப்பதில்லை. எழுத்தில் 'ஆயிரக்கணக்கான தமிழர்கள்' என்று ஒரு வரி எழுதிவிடலாம். திரையில் அந்த ஒரு வரிக்கு ஒரு முகம் வேண்டும்.

வெள்ளைக்காரர்களை எல்லாம் வெட்டிப் போட்டோம். நான்கு நிமிடப் படத்தில் ஐம்பது நொடிதான் மிஞ்சியது.

அப்போதுதான் அந்த மாணவி கேட்டாள். "அண்ணே, பூட்டன் போட்டோ எங்க வீட்ல இல்ல. ஆனா அவரோட தம்பி போட்டோ இருக்கு. ரெண்டு பேரும் ஒரே அச்சுன்னு பாட்டியோட அம்மா சொல்வாங்களாம். அத வச்சு ஏஐ-ல அவரே பேசுற மாதிரி செஞ்சிரலாமா?"

நான் இன்ஜினியர். முடியுமா என்று கேட்டால் முடியும் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். செய்யலாமா என்று அவள் கேட்டது என் காதில் முடியுமா என்று விழுந்திருக்கிறது. தம்பியின் படத்தைக் கொஞ்சம் இளமையாக்கி, உதட்டை அசைய வைத்து, பிள்ளைகள் எழுதிய எட்டு வரிகளைக் கணினிக் குரலில் ஏற்றினேன். 'மூன்று மாத வேலை என்றார்கள். என் மகளின் முகத்தை நினைத்துக்கொண்டே தண்டவாளக் கட்டைகளைச் சுமந்தேன்.' இப்படிப் போகும் அந்த வரிகள். உச்சரிப்பு செய்தி வாசிப்பவர் மாதிரி இருந்தது. தோட்டத்துத் தமிழ் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. ஆனாலும் அறையில் இருந்த பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். ஒரு பெண் அழுதாள். டீச்சர் என்னைப் பார்த்து, "இதுதான் தம்பி, இதுதான் வேணும்," என்றார்.

அடுத்த வாரம் பாட்டியைப் பேட்டி எடுக்க வீட்டுக்குப் போனோம். மாணவி ஆசையாகக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். பாட்டி திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கப்பா கொரலு இப்படித்தான் இருக்குமாப்பா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இல்ல பாட்டி, இது கம்ப்யூட்டரு செஞ்ச கொரலு. உண்மையான கொரலு எப்படின்னு யாருக்கும் தெரியாது," என்றேன்.

"பரவால்ல. இன்னொரு தரம் போடு," என்றார்.

அன்றைக்கு ஐந்து முறை போட்டோம்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'இது என் அப்பா இல்லை' என்று சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அழித்திருப்பேன். ஆனால் அப்படிச் சொல்வதற்கு அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. எண்பது வருடத்துக்கும் மேல் அவருக்குள் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் நான் நாற்பது நிமிடத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டேன். இனிமேல் அப்பா என்று நினைத்தால் அவருக்கு அந்த உதடுதான் அசையும். அது அவருடைய சித்தப்பாவின் உதடு. குரலுக்குச் சொந்தக்காரர் யாரென்று எனக்கே தெரியாது.

இதில் என்ன தப்பு என்று ஒருவர் கேட்கலாம். ஒரு கிழவிக்கு ஆறுதல் கிடைத்தது, விடு. கற்பனை செய்வது பாவமா? ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. அதில் வரும் ஆட்களும் பேசுகிறார்கள், அழுகிறார்கள், சாகிறார்கள். அந்த வசனங்களையெல்லாம் யார் கேட்டு எழுதினார்கள்? நாவல் செய்யலாம், நாலு பிள்ளைகள் செய்யக்கூடாதா?

நல்ல கேள்விதான். நான் யோசித்த வரைக்கும் வித்தியாசம் இதுதான். நாவலைத் திறக்கும்போதே நாவலாசிரியர் நம்மோடு ஓர் ஒப்பந்தம் போட்டுவிடுகிறார். இப்படி இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், நீ கூட வா என்கிறார். அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. தப்பாக எழுதியிருந்தால் அவரைத்தான் கேட்போம். புகைப்படமும் குரலும் அப்படி இல்லை. புகைப்படம் என்றால் அந்த ஆள் கேமராவுக்கு முன்னால் நின்றார் என்று அர்த்தம். குரல் என்றால் அந்தத் தொண்டையிலிருந்து வந்தது என்று அர்த்தம். நம் மூளை அதை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும், பொய் என்று தெரிந்தாலும். பாட்டிக்கு நான் சொன்னேனே, கம்ப்யூட்டர் குரல் என்று. அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் ஐந்து முறை கேட்டார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டுக்கு அடியில் குழாய் எங்கே போகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டால் மட்டும் போதாது. அந்தக் கோட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்றும் குறிக்க வேண்டும். தரநிலை நான்கு. பழைய வரைபடத்தையோ யாரோ சொன்னதையோ வைத்துப் போட்ட கோடு 'டி'. மேலே தெரிகிற மூடி, வால்வு இதையெல்லாம் அளந்து ஊகித்தது 'சி'. கருவி வைத்து மேலிருந்தே கண்டுபிடித்தது 'பி'. தோண்டிப் பார்த்துக் கண்ணால் கண்டு அளந்தது 'ஏ'. 'டி' தரக் கோட்டை 'ஏ' மாதிரி அழுத்தமாக வரைந்து கொடுத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி நாளைக்கு ஒருவன் மண்வாரி இயந்திரத்தை இறக்குவான். ஊகிப்பது எங்கள் தொழிலில் குற்றம் இல்லை. ஊகத்தை அளந்ததுபோல் வரைந்து கொடுப்பதுதான் குற்றம்.

பூட்டனின் முகம் 'டி'. நான் அதை 'ஏ' மாதிரி வரைந்து கொடுத்திருந்தேன்.

இதை அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன். ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி, இது எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது, இதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டு எழுதினோம். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவர்கள் வரலாறு படித்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் படித்ததெல்லாம் எடிட்டிங். 'மூன்று மாத வேலை' என்ற வரி எங்கிருந்து வந்தது? பாட்டி சொன்னது. பாட்டிக்கு யார் சொன்னது? அவருடைய அம்மா. அம்மாவுக்கு? தோட்டத்தில் வந்து சொன்னவர்கள். 'மகளின் முகத்தை நினைத்துக்கொண்டே' என்ற வரி? யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருவன், "அது நான் எழுதுனது அண்ணே. சும்மா ஃபீலிங்குக்கு," என்றான்.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதையும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. "தம்பி, வெள்ளைக்காரனுக்கு டைரி இருக்கு, ஓவியம் இருக்கு, கல்லறை இருக்கு. அவன் எல்லாம் உங்க கணக்குல 'ஏ'. நம்ம ஆளுக்கு எழுதவே தெரியாது, பேப்பரும் இல்ல. அவன் எப்பவும் 'டி'-தான். அப்போ ஆதாரம் இருக்கறவன் மட்டும் பேசலாம், இல்லாதவன் செத்தும் வாயை மூடிட்டு இருக்கணுமா? ஒரு தடவ ஜப்பான்காரன் அழிச்சான். இப்ப நீங்க தரநிலை போட்டு அழிக்கிறீங்க."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இப்போதும் பாதிப் பதில்தான் இருக்கிறது. ஆதாரத்தின் அளவுகோலைச் செய்தவர்கள் ஆதாரம் வைத்திருந்தவர்கள்தான் என்பது உண்மை. ஆனால் பொய் ஆதாரத்தால் அந்த அநியாயம் சரியாகிவிடுமா? நான் செய்த பூட்டன் தெளிவாகப் பேசினார், ஒழுங்கான சட்டை போட்டிருந்தார், அவருக்கு ஒரு முகம் இருந்தது. அதைப் பார்க்கிற பிள்ளைக்கு, இந்த மனிதரைப் பற்றி ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது தெரியாமல் போய்விடும். பெயர் எழுதாமல் குழியில் போட்டார்கள், படம் இல்லை, சாவுத் தேதி இல்லை, குரல் இல்லை. அந்த இல்லாமைதான் அவருக்கு நடந்த கொடுமையில் பாதி. நான் அந்த ஓட்டையை வழவழவென்று பூசி மூடிவிட்டேன். ஜப்பான்காரன் என்ன செய்தான் என்பதற்கு நம்மிடம் மிஞ்சிய ஒரே தடயம் அந்த ஓட்டைதான்.

அப்புறம் இன்னொன்றும் இருந்தது. எங்களிடம் ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைத்ததே தப்பு. பேட்டி எடுத்த அன்று கேமராவை ஓடவிட்டிருந்தோம். ஐந்தாவது முறை வீடியோ முடிந்த பிறகு பாட்டி தானாகவே பேசினார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"சண்டை முடிஞ்சு சயாமுக்குப் போனவங்க ஒருத்தரு ரெண்டு பேரு திரும்பி வந்தாங்களாம். ஆளு வந்துச்சுன்னு கேள்விப்பட்டா எங்கம்மா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுமாம், பாத்தீங்களா பாத்தீங்களான்னு கேக்க. ஒருத்தனும் பாத்தேன்னு சொல்லல, செத்துட்டாருன்னும் சொல்லல. அம்மா பொட்ட எடுக்கல. எடுக்கவும் முடியாது, வச்சுக்கவும் முடியாது. எனக்கு வெவரம் தெரிஞ்ச பொறவு ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா நெத்தியில இல்ல. ஏம்மான்னு கேட்டேன். அடுப்புல வேல இருக்கு போடின்னுச்சு."

இதில் கடைசிப் பகுதி 'ஏ'. அவர் கண்ணால் பார்த்தது. அந்த நெற்றி, அந்த அடுப்பு, அந்த 'போடி'. எந்தக் கைதியின் நாட்குறிப்பிலும் இது கிடையாது. தண்டவாளத்தின் அந்த முனையைப் பற்றி நமக்கு ஆவணம் இல்லை, சரி. இந்த முனையைப் பற்றி, தோட்டத்து லயத்தில் காத்திருந்தவர்களைப் பற்றி, நம்மைத் தவிர வேறு யாரிடமும் ஆவணம் இல்லை. முப்பது வினாடி ஏஐ பேச்சுக்காக நாங்கள் நாற்பது நிமிடம் உழைத்தோம். இந்தப் பதிவை எடிட்டில் தூக்கிப்போடுவதாக இருந்தோம், ஒலி சரியில்லை என்று.

படத்தை மாற்றினோம். இப்போது அது மூன்று நிமிடம் பத்து வினாடி. சித்தப்பாவின் புகைப்படம் வருகிறது, 'இவர் அவருடைய தம்பி. அவருடைய படம் எங்களிடம் இல்லை' என்று மாணவி தன் குரலில் சொல்கிறாள். பிறகு பாட்டி பேசுகிறார். பின்னணியில் காற்றாடிச் சத்தம் கேட்கிறது. பாட்டிக்குத் தெரியாத இடங்களில் திரை கறுப்பாகிறது, நாங்கள் எதையும் போட்டு நிரப்பவில்லை. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பேசும் ஓவியங்களோடு வந்த வேறொரு படத்துக்குக் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பழைய வடிவத்தையே அனுப்பியிருக்கலாம் என்று ஒருவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏதோ கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் பழைய கோப்பு பாட்டியின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அன்றைக்கே மாணவி அனுப்பிவைத்துவிட்டாள். சில நாள் கழித்து அவளிடம், அதை அழித்துவிடச் சொல்லலாமா என்று கேட்டேன். "ராத்திரி படுக்கும்போது பாக்குறாங்க அண்ணே. எப்படி அழிக்கச் சொல்றது?" என்றாள். எனக்கும் அந்தத் தைரியம் இல்லை. கொடுத்தவன் நான். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதற்கு எந்த நியாயத்தைச் சொல்வது? உண்மைக்காக என்றா? எண்பத்து நான்கு வயதுக்காரரிடமா?

குறைந்தபட்சம் ஆரம்பத்தில் ஓர் அறிவிப்பு வரியாவது போடு என்றேன். 'இந்த முகமும் குரலும் கணினியால் உருவாக்கப்பட்டவை' என்று பெரிய எழுத்தில் போட்டு மறுபடி ஏற்றிக் கொடுத்தாள். எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

"அண்ணே, பாட்டிக்குப் படிக்கத் தெரியாதுல்ல."

நான் அதை யோசிக்கவே இல்லை.

இப்போது அந்த வீடியோவின் தொடக்கத்தில் அவளுடைய குரல் வருகிறது. "பாட்டி, இது தாத்தாவோட தம்பி மூஞ்சி. கொரலு கம்ப்யூட்டரோடது. தாத்தா கொரலு நமக்குத் தெரியாது." அதற்குப் பிறகு அந்த முகம் பேச ஆரம்பிக்கும். தினமும் ராத்திரி பாட்டி இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறாராம். பேத்தியின் குரல் வரும் இடத்தைத் தாண்டிப் போக அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தாண்டமாட்டார் என்று மாணவி சொல்கிறாள்.